பாட்டுக்குக் காசும் ஒரு காதும்

அப்பு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ கட்டிக்கொடுத்த மூன்று மாதம் முடிகிறது. ஓசூருக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் என் போனில் அந்தப் பாட்டுச் செயலியை ஏற்றிவிட்டு, "மூணு மாசத்துக்கு நான் கட்டிட்டேன்ப்பா. அதுக்கப்புறம் வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். நல்லது கெட்டது ரெண்டையும் யோசிச்சு எழுதி அனுப்புங்க" என்று சொல்லிச் சிரித்தாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் பத்தாவதை மூன்றாம் தடவையில் தாண்டிய ஆளிடம் 'எழுது' என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பரீட்சை ஜுரம் வந்துவிடும். கடையில் கிடந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் கெட்டது என்று தலைப்பெல்லாம் போட்டேன். 'இடப்பக்கம்' என்று எழுதியதுமே பேனா நின்றுவிட்டது. உன் இடது காதைப் பற்றி நீயும் நானும் பத்து வருடமாகச் சொல்லிவரும் பொய் ஒன்று இருக்கிறது. அதை முடிக்காமல் இந்தக் கணக்கை என்னால் எழுத முடியாது. அதனால் கோடு கிழித்த தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நல்லது நிறைய இருக்கிறது. இதில் ஒரு பாட்டின் பெயரைப் பார்த்து இறக்கினால், உள்ளே அந்தப் பாட்டுதான் இருக்கிறது. உனக்கு இது சாதாரணம். இருபது வருடம் திருட்டுப் பாட்டு ஏற்றி வயிறு வளர்த்த எனக்கு இது அதிசயம். இறக்கி வைத்துக்கொண்டால் கன்னிவாடி பஸ்ஸில் டவர் போனாலும் பாட்டு நிற்பதில்லை. எழுதியவர் பெயர், பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர்கூடப் போட்டிருக்கிறார்கள். இத்தனை பேரையா நான் ஒரு மெமரி கார்டுக்குள் திணித்து விற்றேன் என்று வெட்கமாக இருந்தது. கெட்டதும் இருக்கிறது. இது வாடகை வீடு மாதிரி. காசு கட்டுவதை நிறுத்தினால், இறக்கி வைத்த பாட்டெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும். நம் ஊர்க் கோவில் பாடகர் குழு பாடிப் பதிவு செய்ததெல்லாம் இதில் கிடையாது. அப்புறம், நான் கேட்காததையெல்லாம் 'உங்களுக்குப் பிடிக்கும்' என்று அதுவே பாடுகிறது. ஒரு நாள் என்னிடம் குழந்தைகள் பாட்டாகவே பாடித் தள்ளியது. என் அறிவின் அளவை எப்படியோ கண்டுபிடித்துவிட்டது போல.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நல்லது, இதில் அடிதடி இல்லை. சிரிக்காதே. ஓசிப் பாட்டுத் தொழிலில் இருந்த அடிதடியை நீ முழுதாகப் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நம் கடைக்கு எதிரே ஒருவன் புதிதாகக் கடை போட்டு, நான் வாங்குவதில் பாதிக்கு மெமரி கார்டு நிரப்பிக் கொடுத்தான். நான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவன் கம்ப்யூட்டர் திரையை எட்டி உதைத்தேன். திரை உடைந்தது. என் பெருவிரல் நகமும் போனது. அவன் எழுந்து என் சட்டையைப் பிடித்து, "நீ என்ன சொந்தமா பாடியா விக்கிற? திருடுற எடத்துல பங்கு கேக்க வந்துட்டியா?" என்று கேட்டபடி நெற்றியால் என் மூக்கில் முட்டினான். நான் கூட்டிப்போன இரண்டு பேரும் அப்போது டீக்கடைக்குள் இருந்தார்கள். நியாயமான கேள்வி என்று டீ குடித்தபடியே பேசிக்கொண்டார்களாம். ஒரு வாரம் மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்து வியாபாரம் செய்தேன். உன் அம்மாவிடம் ஷட்டர் இடித்துவிட்டது என்றேன். பொய் சொல்வதில் நான் உனக்கு முன்னோடி.

இப்போது அந்தத் திருவிழாவுக்கு வருகிறேன். வடமதுரைப் பக்கத்து ஊர். பெயரை எழுதினால் இன்றைக்கும் நாலு பேர் கம்போடு கடைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். மைக்செட் சேசு வந்து, அந்தோணியார் சப்பரப் பவனிக்கு ஒரு பென்டிரைவ் நிறையப் பாட்டு வேண்டும் என்றான். நீ அப்போது கல்லூரியில் முதல் வருடம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, "அப்பா, நீங்க எறக்குற தளத்துல பேரு ஒண்ணு இருக்கும், உள்ள வேற ஒண்ணு இருக்கும். ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்து ஏத்துங்க" என்றாய்.

"இருநூறு பாட்டையும் உக்காந்து கேக்கவா? எனக்கு வேற பொழப்பு இல்லையாடா?"

"அப்ப காசு குடுத்து எறக்குவோம்ப்பா. ஒரு பாட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குற தளம் இருக்கு. அம்புட்டும் சுத்தமா இருக்கும்."

"பாட்டுக்குக் காசா? நாளைக்குக் கேக்குற காதுக்கும் வாடகை குடுக்கச் சொல்லுவியா?" என்றேன். சேசு தொடையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. அன்றைக்கு அவனைச் சிரிக்க வைக்க உன் காதைத்தான் உவமைக்கு எடுத்தேன் என்பதைப் பிற்பாடு நினைத்துப் பல நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

பவனி அன்று காலை சேசு வந்தபோது நீ ஒரு நீலப் பென்டிரைவை நீட்டி, "இதக் குடுங்கப்பா" என்றாய். என் சிவப்புப் பென்டிரைவ் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தது. "என் கடையில நான் ஏத்துனதுதான் போகும்" என்று நீலத்தைத் தள்ளிவிட்டுச் சிவப்பை எடுத்துச் சேசு கையில் கொடுத்தேன். நீலத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

சாயங்காலம் நாலு மணி வெயிலில் சப்பரம் கிளம்பியது. நான் ஏற்றிய பாட்டு ஊர் முழுக்கக் கேட்பதைப் பார்க்க எனக்கு ஆசை, அதனால் நானும் போயிருந்தேன். அந்த ஊரில் மேலத்தெருக்காரர்களுக்கும் கீழத்தெருக்காரர்களுக்கும் சப்பரத்தை யார் முன்னால் தூக்குவது என்பதில் தீராத பகை. அந்த வருடம் மைக்செட் மேலத்தெருவின் உபயம். சப்பரம் கீழத்தெரு முனையில் போய் நின்றது. பெண்கள் மெழுகுவர்த்தியோடு முழந்தாளிட்டார்கள். சேசு டிராக்டரை விட்டு இறங்கி நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் 'அந்தோணியார் பாட்டு' என்று பெயர் போட்டிருந்த அந்தக் கோப்பு ஓட ஆரம்பித்தது. முதலில் ஒரு பெண் குரல் ஓசித் தளத்தின் விலாசத்தைச் சொன்னது. அடுத்து டமார் என்று ஒரு குத்துப்பாட்டு. ஒரு பெண்ணின் இடுப்பைப் பற்றி, நான்கு குழாய் ஸ்பீக்கர்களில், அந்தோணியாரின் முகத்துக்கு நேரே.

சேசு டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்து நிறுத்துவதற்குள் இரண்டு வரி முடிந்துவிட்டது. "நம்ம தெருவுல வேணும்னே போட்டாய்ங்கடா!" என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான். மெழுகுவர்த்தித் தண்டு, விற்க வைத்திருந்த கரும்பு, சப்பரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை, கையில் கிடைத்ததெல்லாம் ஆயுதம். ஒருவன் மண்டை பிளந்து சப்பரத்து மல்லிகைச் சரத்தின் மேல் சாய்ந்தான். பூ சிவந்துபோனது. ஆம்ப்ளிஃபயரை இரண்டு பேர் தூக்கிப் போய்க் கிணற்றில் எறிந்தார்கள். என் சிவப்புப் பென்டிரைவும் அதோடு மூழ்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெனரேட்டர் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டேன். என் வயிறு என் கால்களை உள்ளே வரவிடவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பிடித்து இழுத்தார்கள். விலாவில் மிதித்தார்கள். தூக்கி நிறுத்தியபோது ஊர் உபதேசியார், பிள்ளைகளுக்கு ஞானஉபதேசம் சொல்லிக்கொடுக்கிற மனுஷன், செபமாலை சுற்றிய கையாலேயே ஓங்கி அறைந்தார். முன்பல்லைத் துப்பினேனா விழுங்கினேனா என்று இன்றுவரை தெரியாது.

"எவன்டா அந்தப் பாட்ட ஏத்துனது?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க. சேசுதான் கொண்டாந்தாப்ல" என்றேன்.

அப்பு, நான் வாங்க வேண்டிய மிச்ச அடியைச் சேசு வாங்கினான். அவன் காறை எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. இன்றைக்கும் அவனுக்குச் சார்ஜர் வேண்டுமென்றால் நான் காசு வாங்குவதில்லை. அதற்குக் காரணம் கேட்டால், பழகின தோஷம் என்பேன்.

வீட்டுக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. உன் அம்மா கோவிலுக்குச் செபமாலைக்குப் போயிருந்தாள். நீ அடுப்படி வாசலில் என்னைப் பார்த்துப் பதறி, "அப்பா, பல்லு..." என்று தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாய். சேசு போன் பண்ணியிருக்கிறானா என்று என் போனை எடுத்தேன். கண்ணாடி நொறுங்கியிருந்தது. விரிசலுக்குள்ளே, என் கார்டிலிருந்து காசு எடுக்கப்பட்டதாக முந்தாநாளைய செய்தி ஒன்று தெரிந்தது.

"எவன்டா என் கார்டத் தொட்டது?"

"நாந்தாம்ப்பா. அந்த நீலத்துல இருந்தது காசு குடுத்து வாங்குன பாட்டு. ஒவ்வொண்ணையும் கேட்டுத்தான் ஏத்துனேன். நீங்க அதக் கொண்டு போயிருந்தீங்கன்னா..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவிடவில்லை. உபதேசியாரை அடிக்க எனக்குத் துணிவு இல்லை. கீழத்தெருவையே அடிக்க ஆள் இல்லை. எதிரில் நின்றது நீ. குழிந்த உள்ளங்கை உன் இடது காதை மூடின மாதிரி விழுந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். கடையில் ஸ்பீக்கரின் உள்தாள் கிழியும்போது வருமே, அதே சத்தம். தொழில்காரனான எனக்கு அது என்னவென்று அந்த நொடியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள மறுத்தேன். செம்பு உருண்டது, நீ சுவரோரம் சரிந்தாய். அப்படியும் விடாமல் சுவரில் தொங்கிய சார்ஜர் வயரை உருவி உன் முதுகில் வீசினேன். எத்தனை தடவை என்று தெரியாது. நீ ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் என் கையைத் தடுக்கக்கூட இல்லை. என் கை வலித்த பிறகுதான் நிறுத்தினேன். நீ அழுததற்காக நிறுத்தவில்லை.

உன் அம்மா வந்து உன் சட்டைக் காலரில் இரத்தத்தைப் பார்த்து அலறினாள். நான் மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "கிரிக்கெட் பந்து பட்டுருச்சும்மா" என்றாய். செவிப்பறை கிழிந்து சீழ் வைத்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு வருடம் சொட்டு மருந்து ஊற்றினோம். சீழ் நின்றது, காது திரும்பி வரவில்லை.

பந்து என்ற அந்தப் பொய் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? உன் அம்மா ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்தோணியார் கோவில் வாசலில் வெள்ளித் தகட்டில் வெட்டி விற்கிற காது ஒன்றை வாங்குவாள். கண் நோவுக்குக் கண், கால் நோவுக்குக் கால் என்று நம் சனம் காணிக்கை போடுமே, அதுதான். காதைப் பெட்டியில் போட்டுவிட்டு, "அந்தப் பந்த அடிச்ச பாவிப்பய கை வெளங்காமப் போக" என்று வாய்விட்டு மன்றாடுவாள். பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கிற நான் 'ஆமென்' என்பேன். பத்து வருடம், பத்துக் காது, பத்து ஆமென். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இல்லை. அவர் மன்னித்து, சொல்ல வேண்டிய செபத்தையும் சொல்லி அனுப்பினார். வீட்டில் இருக்கிறவளிடம் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன்.

நீயும் மெர்சியும் வந்திருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டில் அவள் உன் இடப்பக்கம் உட்கார்ந்து மூன்று தடவை வெஞ்சனம் வேண்டுமா என்று கேட்டாள். உனக்குக் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "சின்ன வயசுல பந்து பட்டுச்சாம்ல மாமா?" என்றாள். ஐந்து மாத வயிற்றோடு, என் மருமகள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமாத்தா, பந்துதான்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

அன்று சாயங்காலம் உன் போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்தாய். ஒட்டிவிட்டு, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க அந்தச் செயலியிலேயே ஒரு பழைய பாட்டைப் போட்டேன். ஹெட்செட் விற்கும்போதெல்லாம் நான் போட்டுக் காட்டுகிற பாட்டு அது. தபலா இடது காதில், வயலின் வலது காதில். 'ரெண்டுக்கும் நடுவுல பாட்டுக்காரர் வந்து உக்காருவாருண்ணே' என்று அளந்து விற்பேன். உன் போனில் தபலா இரண்டு காதிலும் கேட்டது. ஹெட்செட்தான் கோளாறு என்று மூன்று மாற்றிப் பார்த்தேன். பிறகு அமைப்புகளைத் திறந்தேன். இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகக் கலந்து தருகிற 'மோனோ ஆடியோ'வை நீ போட்டு வைத்திருந்தாய். ஒற்றைக் காதுக்காரர்களுக்காக வைத்த வசதி அது. அதை அணைத்துவிட்டு, இடது காதுக் குமிழைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். தபலா செத்துப்போனது. பாட்டு நொண்டிக்கொண்டு வந்தது. எனக்காகப் பாட்டுக்கு உண்மையாகக் காசு கொடுத்தவன் நீ. நான் உன்னிடமிருந்து எல்லாப் பாட்டிலும் பாதியைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். மறுபடி அந்த வசதியைப் போட்டு, போனைத் துடைத்துக் கொடுத்தேன். "நல்லா ஒட்டிருக்கீங்கப்பா" என்றாய்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, உன் அம்மா தேங்காய்ச் சில்லை அம்மியில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மிக்ஸி இருக்கும்போது அம்மியில் அரைக்கிற நாள் பார்த்துச் சொன்ன என் புத்தியை என்ன சொல்ல. அவள் குழவியை நிறுத்தினாள். "என்ன சொன்ன?" என்றாள். முப்பது வருடத்தில் என்னை அவள் ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான். திரும்பவும் சொன்னேன். அந்தக் குழவியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். என் மண்டைக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய், பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேனே அந்த டபுள் டெக், என் முதல் ரெக்கார்டிங் மெஷின், அதன் மேல் இறக்கினாள். மூடி நொறுங்கியது. இரண்டாவது அடியில் ஸ்பீக்கர் கிழிந்தது. அதே 'டப்'. "கேக்குதா? உனக்குக் கேக்குதாய்யா? எம்புள்ளைக்குக் கேக்கல!" என்று அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தோசைக்கரண்டியோடு வந்தாள். தோளில் இரண்டு, முதுகில் மூன்று. நான் தடுக்கவில்லை. உன்னிடம் கற்றுக்கொண்டதுதான். கடைசியில் கரண்டியை எறிந்துவிட்டு, தேங்காய் அப்பின கையோடு தரையில் உட்கார்ந்து, "யார் யாரையோ சபிச்சேனே" என்று அழுதாள். ஆறு நாள் பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்தாள், குழம்பை நானே தேடி ஊற்றிக்கொண்டேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், பிள்ளை பிறக்கப்போகிறது. வெளியே அடி வாங்கி, திருப்பிக் கொடுக்கத் துணிவில்லாமல் வீட்டுக்கு வருகிற நாள் உனக்கும் வரும். அன்றைக்கு வாசலிலேயே நின்றுகொள். நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போ. டீ குடி. உண்மையைச் சொல்கிறவன் வீட்டுக்குள் இருப்பான், அவன்மேல்தான் கை முதலில் ஓங்கும். உன் கை என் கைதான், ஜாடை அப்படியே இருக்கிறது. ஜாக்கிரதை. மெர்சியிடம் நீ சொல்லிவிடு. உனக்கு வாய் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தையே கொடு. என்னைக் காப்பாற்றிய வேலை போதும், அப்பு. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இனிமேல் பந்து என்று சொல்லாதே என்றுதான் கேட்கிறேன்.

பாட்டுச் சமாசாரத்துக்கு என் முடிவு: வேண்டும். இனி நானே கட்டுகிறேன். நீ எனக்காக வாங்கின அந்த நீலப் பென்டிரைவ் இன்னும் கடை மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. முந்தாநாள்தான் முதல்முறை போட்டுக் கேட்டேன். அம்புட்டும் சுத்தமாக இருந்தது, நீ சொன்ன மாதிரியே.

நேற்று அந்தோணியார் கோவிலுக்குப் போனோம். வெள்ளித் தகடு விற்கிற கடையில் அவள் வழக்கமாக வாங்குகிற காதை நான் எடுத்தேன். உன் அம்மா ஏழாம் நாள் வாயைத் திறந்து, "காது வேணாம். கை எடுங்க" என்றாள்.

கடைக்காரர் அதைத் தாளில் மடித்துக்கொண்டே, "யாருக்குங்க கை நோவு?" என்று கேட்டார்.

"எனக்குத்தாங்க" என்றேன்.

இப்படிக்கு,
உன் காதைத் தின்ற அப்பன்